தண்ணீருக்குள் மணல் அருவி: ஏர் பம்பா, பவர்ஹெட்டா? (3 அடி தொட்டி, டர்பன்)

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி 90×40×45 செ.மீ., தண்ணீர் 40 செ.மீ. உயரம் நிற்கும். வலது பின்மூலையில் ஸ்லேட் பாறை மாதிரி ஒரு முகப்பு கட்டி, அதில் மணல் அருவி விழணும். உள்ளே இருக்கிறது நியான் டெட்ரா, ஆறு கொரிடோரஸ், கொஞ்சம் நத்தை. வெளியே கேனிஸ்டர் ஃபில்டர் தனியா ஓடுது.

ஏர் பம்ப் வைத்து மணலைத் தூக்கும் முறை ஒன்று, சின்ன பவர்ஹெட் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மின்பம்ப்) வைத்துத் தள்ளும் முறை இன்னொன்று. இரண்டில் எது நீண்ட நாள் நிற்கும்? எந்த மணல் போடுறது? கரண்ட் போய் வந்தால் குழாய் அடைச்சுக்கும்னு சொல்றாங்க, அதற்கு என்ன வழி? அளவுகளோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

தம்பி, எந்த முறையாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறுகுழாய்க்குள் தண்ணீர் மணல் இறங்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் அதே தண்ணீர் மணல் இறங்கும் வேகத்தைவிட மெதுவாகிவிட வேண்டும். கீழே வேகம் போதாவிட்டால் குழாய் அடைக்கும், மேலே வேகம் குறையாவிட்டால் மணல் தொட்டி முழுக்கப் பறக்கும். மணல் அருவியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

சாதாரண சிலிக்கா மணல் நிற்கும் தண்ணீரில் ஏறத்தாழ இந்த வேகத்தில் இறங்கும்: 0.1 மி.மீ. மணி வினாடிக்கு 0.8 செ.மீ., 0.2 மி.மீ. என்றால் 2.5 செ.மீ., 0.5 மி.மீ. 7 செ.மீ., 1 மி.மீ. 13 செ.மீ.க்குப் பக்கம்.

இப்போது உங்கள் தொட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். பவர்ஹெட் மணிக்கு 200 லிட்டர் தள்ளுகிறது, அது போகிற போக்கில் மணலோடு இன்னும் 100 லிட்டர் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்று வைத்தால் மொத்தம் 300 லிட்டர், அதாவது வினாடிக்கு 83 மி.லி. 16 மி.மீ. உள்விட்டக் குழாயில் இது வினாடிக்கு 41 செ.மீ. வேகம். 0.2 மி.மீ. மணலுக்கு தாராளம். அதே தண்ணீர் மேலே 8×6 செ.மீ. கிண்ணத்துக்குள் விரிந்தால் வேகம் 1.7 செ.மீ.தான். 2.5-ஐவிடக் குறைவு என்பதால் மணல் கிண்ணத்திலேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் பின்பக்கம் வழிந்து போகும். தங்கிய மணல் முன் உதட்டைத் தாண்டி விழுவதுதான் அருவி.

மாவு மாதிரி 0.1 மி.மீ. மணல் போட ஆசைப்பட்டால் அதே தண்ணீருக்கு மேல்கிண்ணம் 100 சதுர செ.மீ.யைத் தாண்ட வேண்டும். 3 அடித் தொட்டியின் மூலையில் அவ்வளவு இடம் ஒதுக்குவது வீண். 0.2 முதல் 0.4 மி.மீ. வரை உள்ள மணல்தான் இந்த அளவுக்குச் சரி.

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அது எந்தத் தடையும் இல்லாத நிலைக்கான எண். நாசில் (தண்ணீரைப் பாய்ச்சும் குறுகிய முனை) மாட்டியபின் அதன் வாயை நீர்மட்டத்தில் பிடித்து 1 லிட்டர் ஜக்கை நிரப்பிப் பாருங்கள். 18 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 200 லிட்டர்.

லெனேசியா அக்கா (ஜோஹானஸ்பர்க்)

தச்சர் அண்ணா பவர்ஹெட் பக்கமே பேசுறாங்க. 40 செ.மீ. தண்ணீருக்கு ஏர் பம்ப் போதும்னு நான் சொல்வேன். 3 வாட், நிமிஷத்துக்கு 2 முதல் 3 லிட்டர் காற்று. தண்ணிக்குள்ள சுழல்ற பாகம் எதுவும் இல்லை, அதனால மணல் கடிச்சுக் கெட்டுப்போகவும் ஒண்ணும் இல்லை. இழுக்கிற தண்ணி கம்மி, அதனால மேல்கிண்ணமும் சின்னதா வைக்கலாம்.

ஆனா அஞ்சு விஷயம் விடாம செய்யணும்.

ஏறுகுழாய் உள்விட்டம் 12 மி.மீ. 20-க்கு மேல போனா காற்றுக்குமிழி மட்டும் தனியா ஏறும், மணல் கீழேயே குந்தியிருக்கும்.

காற்று நுழையும் இடம் மணல் நுழையும் துளைக்கு 3 அல்லது 4 செ.மீ. மேல இருக்கணும். ரெண்டும் ஒரே மட்டத்தில் இருந்தா காற்று மணல் துளை வழியா வெளியே புஸ்ஸுனு வந்து, விழுந்த மணல் சேர்ற கீழ்க்கிண்ணத்தைக் கிளறிடும்.

ஏர் ஸ்டோன் போடாதீங்க. கரண்ட் நின்னதும் மணல் அதுமேல உக்காரும், சீக்கிரமே துளை அடைஞ்சிடும். வெறும் 4 மி.மீ. ட்யூப் முனையைப் பக்கவாட்டில் செருகி, லேசா மேல்நோக்கிச் சாய்ச்சு ஒட்டினா போதும்.

நான்-ரிட்டர்ன் வால்வு தொட்டிக்கு வெளியே, பம்ப் பக்கம். உள்ளே மாட்டினா மணல் சிக்கி மூடாம நிக்கும். அது இல்லாம விட்டா கரண்ட் போன நேரத்துல தண்ணி ட்யூப் வழியா ஏறி பம்ப்புக்குள்ள போகும். முடிஞ்சா பம்பையே நீர்மட்டத்துக்கு மேல ஒரு அலமாரியில் வைங்க.

கடைசியா, காற்றைக் குறைக்க ஒரு சின்ன வால்வு. அதிகக் காற்று அதிக மணல் தராது. ஒரு அளவுக்கு மேல குழாய் முழுக்கக் காற்றே நிறைஞ்சு மணல் ஏறுறது குறையும். முதல்ல முழுசாத் திறந்து, பிறகு மணல் சீரா வர்ற இடம் வரைக்கும் மெதுவா மூடிக்கிட்டே வரணும்.

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

அக்கா, நன்றி. காற்று முறையில் குமிழியும் மணலோடு சேர்ந்து முன்னால வந்தால் அருவி மாதிரி தெரியாதே?

லெனேசியா அக்கா (ஜோஹானஸ்பர்க்)

தெரியாதுதான். அதனால மேல ஒரு டி-ஜாயின்ட் (T வடிவத்தில் மூணு வாய் உள்ள இணைப்பு) போடணும். ஏறுகுழாய் அதன் நேர்வழியில், பக்கக் கிளை மேல்கிண்ணத்துக்குள்ள கீழ்நோக்கி வளைஞ்சு. நேர்வழியின் மேல்முனையிலிருந்து இன்னொரு குழாய்த் துண்டு நீர்மட்டம் வரைக்கும் போகும். குமிழி மேல போகும், கனமான மணல் கிளையில் இறங்கும். டி-யின் உள்விட்டம் ஏறுகுழாயைவிடப் பெரிசா, 20 மி.மீ. எடுத்தா பிரியறதுக்கு இடம் கிடைக்கும். மேல போற குழாய்க்குள்ளேயும் கொஞ்சம் மணல் எகிறும், அதனால அதுவும் 20 மி.மீ.யே இருக்கட்டும், எகிறினது அங்கேயே திரும்ப விழும்.

சத்தம் வரும், அதை மறைக்க முடியாது. குமிழி உடையற இடத்துல ஒரு துண்டு முரட்டு ஸ்பாஞ்ச் செருகினா கணிசமாக் குறையும். படுக்கையறைத் தொட்டின்னா பவர்ஹெட்டே போங்க.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

அக்கா சொன்னது அத்தனையும் சரி. உயரம் 40 செ.மீ., உதடு 2 செ.மீ. அகலம் என்றால் காற்றே போதும். ஆனால் தம்பி 4 செ.மீ. அகலத் திரை கேட்டால் காற்று தள்ளும் மணல் பத்தாது, திரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதற்காக பவர்ஹெட் முறையையும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

மாற்றக் கூடாத விதி: மணல் பம்ப்புக்குள் போகவே கூடாது. பம்ப் சுத்தமான தண்ணீரை மட்டும் உறிஞ்சி ஒரு குறுகிய நாசில் வழியாகப் பாய்ச்ச வேண்டும். அந்தப் பாய்ச்சல்தான் பக்கத்திலிருந்து மணலை இழுத்துக்கொண்டு மேலே போகும்.

பாகங்கள்: 15 மி.மீ. சொட்டுநீர்ப் பாசன டி ஒன்று, அதே அளவு எல்போ (முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு) இரண்டு, 16 அல்லது 17 மி.மீ. உள்விட்டம் வரும் 20 மி.மீ. மின்கம்பிக் குழாய் 40 செ.மீ., 8 மி.மீ. உள்விட்டத்தில் உறுதியான பிளாஸ்டிக் குழாய் 6 செ.மீ., பம்ப்பிலிருந்து வரும் மென்குழாய் ஒரு மீட்டர், 3 மி.மீ. பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்) தகடு கொஞ்சம், அக்வேரியம் சிலிக்கான் ஒரு ட்யூப். எல்லாம் பாசனக் கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பவை.

டி-யை நிமிர்த்திப் பிடியுங்கள். கீழ்வாய் வழியாக 8 மி.மீ. குழாய் உள்ளே வரும். அதன் முனை பக்கக் கிளையின் நடுமட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் முனைக்குப் பக்கத்தில் மணல் குவியும், மேலே போனால் இழுவை குறையும். நாசிலுக்கும் டி-யின் சுவருக்கும் நடுவில் இருக்கும் வளைய இடைவெளியைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். 200 லிட்டர் அந்த 8 மி.மீ. வழியாகப் போகும்போது வினாடிக்கு 110 செ.மீ. வேகம் வரும். மேல்வாயில் ஏறுகுழாய்.

இனி பக்கக் கிளை. மின்வெட்டுப் பிரச்சினைக்கான மருந்து இங்கேதான் இருக்கிறது. பலர் கீழ்க்கிண்ணத்திலிருந்து மணலைச் சாய்வாக நேரே டி-க்குள் இறக்கிவிடுகிறார்கள். ஓடும்போது அருமையாக ஓடும். கரண்ட் நின்றதும் மணல் நிற்காது. இறங்கிக்கொண்டே இருந்து டி, நாசில் எல்லாவற்றையும் நிரப்பிக் கெட்டியாக உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பதிலாகக் கிண்ணத்தின் அடியிலிருந்து நேராகக் கீழே ஒரு எல்போ, பிறகு டி வரைக்கும் படுக்கை மட்டமாக ஒரு துண்டு. மணல் தானாகக் குவிந்து நிற்கும் சாய்வு சுமார் 33 பாகை. 15 மி.மீ. விட்டக் குழாயில் அந்தச் சாய்வு 23 மி.மீ. நீளத்தில் முடிந்துவிடும். எனவே படுக்கைத் துண்டு 30 மி.மீ. இருந்தால் இழுவை இல்லாத நேரத்தில் மணல் அந்தத் துண்டுக்குள்ளேயே நின்றுவிடும், டி-யை எட்டாது. பம்ப் ஓடத் தொடங்கியதும் இழுக்கப்படும் தண்ணீர் அதை வழித்துக்கொண்டு போகும்.

அந்த எல்போவின் மேல்பக்கத்தில் ஒரு 3 மி.மீ. துளை போடுங்கள். மணலோடு தண்ணீரும் சேர்ந்து நுழைந்தால்தான் அது ஓடும். வெறும் மணல் மட்டும் நெருக்கிக்கொண்டு வந்தால் கட்டியாக நகரும், நிற்கும், மறுபடி நகரும். துளை மணலுக்குள் புதையாதபடி அதிலிருந்து ஒரு 4 மி.மீ. ட்யூபைக் கிண்ணத்துக்கு மேலே கொண்டு வந்துவிட்டால் இன்னும் நல்லது.

பம்ப்பிலிருந்து நாசிலுக்கு வரும் மென்குழாயை நேராகக் கொண்டு வராதீர்கள். கீழ்க்கிண்ணத்தின் மணல்மட்டத்துக்கு மேலே, 10 செ.மீ.யாவது, ஒரு வளைவு எடுத்துவிட்டு இறக்குங்கள். நாசில் வழியாகப் பின்னால் வரும் கொஞ்ச மணல் அந்த ஏற்றத்தைத் தாண்டி பம்ப்பின் சுழலும் பாகமான ரோட்டரை அடையாது.

ஏறுகுழாயில் அந்தரத்தில் இருந்த மணலும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். 35 செ.மீ. குழாயில் பத்தில் ஒரு பங்கு மணல் என்றால் 5 அல்லது 6 செ.மீ. அடைப்பாகக் கீழே உட்காரும். நாசில் வேகம் சரியாக இருந்தால் அதை அதுவே உடைத்துத் தள்ளும். வாளியில் வைத்து இயக்கி, நிறுத்தி, ஒரு இரவு விட்டு, மறுபடி போட்டுப் பார்க்காமல் தொட்டிக்குள் ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. மணல் நன்றாக இறுகப் பல மணி நேரம் ஆகும்.

கடல்மணல் (குவாத்ர்-போர்ன், மொரீஷியஸ்)

மணல் பற்றி நான் எழுதுகிறேன்.

டர்பன் பக்கத்துக் கடற்கரை மணல் வேண்டாம். சிப்பித் தூள் கலந்திருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதில் வரும் கருமணல். ரிச்சர்ட்ஸ் பே மணல்மேடுகளில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகிய கனமான கனிமங்களுக்காகச் சுரங்கமே நடக்கிறது. சிலிக்காவின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7-க்குப் பக்கம். அந்த மணிகள் மற்ற மணலோடு ஏறாமல் கீழ்க்கிண்ணத்தின் அடியில் தங்கிக்கொண்டே வரும். மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம்) கலந்திருந்தால் இன்னும் மோசம்: பவர்ஹெட்டின் ரோட்டர் ஒரு காந்தம், எங்கோ கசிந்து வந்த மணிகூட அதில் ஒட்டிக்கொண்டு உறையைத் தேய்க்கும். ரியூனியனின் எத்தாங்-சலே கடற்கரைக் கருமணல் பார்க்க அழகு. அது எரிமலைப் பாறைத் தூள், அதற்கும் இதே எச்சரிக்கை. எந்த மணல் வாங்கினாலும் காய்ந்த மணலை வெள்ளைத் தாளில் பரப்பி, பாலிதீன் பையில் சுற்றிய ஒரு காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். பையில் கருமுடி மாதிரி ஒட்டினால் தள்ளிவிடுங்கள்.

எங்கள் பக்கத்து வெள்ளை மணல் பவளமணல், அதாவது சுண்ணாம்பு. டெட்ராவுக்கும் கொரிடோரஸுக்கும் அது பொருந்தாது. தண்ணீரின் கடினமும் பி.எச்.சும் ஏறும். அருவியில் போட்டால் இன்னொரு தொல்லை உண்டு: மணிகள் மென்மையானவை, ஒன்றோடொன்று உரசிப் பால்போல் தூள் விடும். தவிர, இங்கே லகூனிலிருந்து (பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட கடல்) மணல் எடுப்பது 2001-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. கரையோர மணல் கரையைக் காக்கிறது, அதைத் தொட்டிக்காக அள்ளுவது எனக்கு உடன்பாடே இல்லை.

சோதனைக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த மணலில் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

நிறம் ஏற்றிய அலங்கார மணலும் வேண்டாம். அடியில் சும்மா கிடக்கும் மணலுக்கு அந்தப் பூச்சு தாங்கும். அருவியில் ஒவ்வொரு மணியும் நாள் முழுக்கக் குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும், பூச்சு உரிந்து தண்ணீரில் கலக்கும்.

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

நீச்சல்குள ஃபில்டர் மணல் ஒரு மூட்டை இங்க சுலபமா கிடைக்கும். அது?

கடல்மணல் (குவாத்ர்-போர்ன், மொரீஷியஸ்)

சிலிக்காதான், சுத்தமானதும்கூட. ஆனால் பெரும்பாலும் 0.5 முதல் 1 மி.மீ. வரை பருமன். காற்று முறைக்கு அது கனம். பவர்ஹெட் தூக்கும், ஆனால் விழும்போது மணி மணியாகத் தெரியும், திரையாக விழாது. அதிலிருந்து மெல்லியதைப் பிரித்தெடுக்கலாம் என்றாலும் மூட்டையில் கிடைப்பது கொஞ்சமே. மெல்லிய வெள்ளை சிலிக்கா மணலாகவே கேட்டு வாங்குங்கள்.

பருமனை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீர் கலங்குவதும் கலங்காமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது. முதலில் காய்ந்த மணலை மாவு சல்லடையில் சலித்துப் பெரிய மணிகளை நீக்குங்கள். பிறகு ஒரு வாளியில் அரை கிலோ மணல் போட்டு, 20 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றி, அரிசி களைவது போல் கையால் நன்றாகக் கிளறுங்கள். கையை எடுத்ததும் பத்து வினாடி எண்ணி, மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை உடனே சாய்த்துக் கொட்டிவிடுங்கள். 20 செ.மீ.யைப் பத்து வினாடியில் கடக்க முடியாத தூளில், அதாவது வினாடிக்கு 2 செ.மீ.க்கும் குறைவான வேகத்தில் இறங்குவதில், ஒரு பகுதி ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பத்தாவது வினாடியில் ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். தச்சர் போட்ட கணக்கில் மேல்கிண்ணத்தின் வேகம் 1.7 செ.மீ. வாளியிலேயே 2 செ.மீ.க்குக் கீழானதை நீக்கிவிட்டால் கிண்ணத்தைத் தாண்டிப் பறக்க எதுவும் மிச்சம் இருக்காது.

இதைக் கால்வாசி நேரத்தில் நிறுத்திவிட்டு 'தண்ணீர் தெளியவில்லை' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு மணல்? 4 செ.மீ. உதட்டுக்குச் சுற்றில் இருப்பது 600 கிராம் போதும், அளவில் சுமார் 400 மி.லி. இன்னும் 300 கிராம் சலித்துக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். சிதறிப் போவதை நிரப்ப அது வேண்டும்.

மலாவி மீன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மீன் பக்கம் யாரும் பேசவில்லை. கொரிடோரஸ் மணலை வாயால் கிளறி உண்ணும் மீன், மென்மையான மணல் குவிந்த இடம் அதற்குச் சொர்க்கம். கீழ்க்கிண்ணத்தை மூடாமல் விட்டால் ஆறும் அதற்குள்ளேதான் இருக்கும். 3 மி.மீ. கண்ணியுள்ள பிளாஸ்டிக் வலையைக் கிண்ணத்தின் வாய்க்கு 1 செ.மீ. கீழே, சரிவாகப் பொருத்துங்கள். மணல் உள்ளே போகும். மீன், இலைத்துண்டு, மிச்சத் தீனி மேலேயே நிற்கும். வலையைக் கையால் கழற்றி மாட்டும்படி வைப்பது முக்கியம்.

நத்தையில் எந்த வகை என்று பாருங்கள். நெரைட் பரவாயில்லை, அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும். கூம்பு வடிவ மலேசியன் டிரம்பெட் நத்தை இருந்தால் அருவிக்கு ஆகாது. அது மணலுக்குள் புதைந்து வாழ்வது. குட்டிகள் 3 மி.மீ. வலையிலும் நுழைந்து எல்போவில் போய் உட்காரும். மணல் வருவது திடீரென்று நின்றால் முதலில் அங்கே பாருங்கள்.

மலாவி சிக்லிட் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அவை குழி தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவை. கிண்ணத்தில் தொட்டியின் அடிமணலைக் கொட்டி நிரப்பிவிடும். கிண்ணத்தின் விளிம்பு அடிமணலைவிட 6 செ.மீ.யாவது உயர்ந்து நிற்க வேண்டும்.

குஞ்சுகளும் இறால் குட்டிகளும் இருக்கும் தொட்டியில் இதை வைக்கவே வேண்டாம். மணல் துளையின் இழுவையில் அவை போய்விடும்.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

நல்லது. இனி முகப்பு. நிஜ ஸ்லேட்டை அடுக்குவதைவிட ஃபோம் செதுக்கி முன்னால் மட்டும் மெல்லிய ஸ்லேட் சில்லுகள் ஒட்டுவது எளிது. கூரைக்கு அடிக்கும் கெட்டியான ஐசோபோர்டு வகை ஃபோம் எடுங்கள். வெள்ளை உருண்டை உருண்டையாக உதிரும் தெர்மோகோல் வேண்டாம்.

ஃபோமின் மிதப்பைக் குறைத்து எடை போடாதீர்கள். 30×20×15 செ.மீ. கட்டி 9 லிட்டர் இடம் பிடிக்கும், தண்ணீர் அதை ஏறத்தாழ 9 கிலோ விசையோடு மேலே தள்ளும். அடியில் ஒரு 6 மி.மீ. கண்ணாடி அல்லது ஸ்லேட் பலகையில் ஃபோமை ஒட்டி, அந்தப் பலகையைத் தொட்டியின் அடியிலும் பின்கண்ணாடியிலும் சிலிக்கான் போட்டுப் பிடிக்க வேண்டும். நிரம்பிய தொட்டியில் அது பிடுங்கிக்கொண்டு எழுந்தால் கண்ணாடி உடையும்.

சிலிக்கான் வாங்கும்போது குளியலறைக்கு என்று பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்தது வேண்டாம், அது மீனைக் கொல்லும். காயும்போது வினிகர் வாசனை வருவது, மருந்து கலக்காதது, அதுதான் வேண்டும். மெல்லிய கோட்டுக்கு 48 மணி நேரம், தடிமனாகப் போட்ட இடத்துக்கு ஒரு வாரம். வாசனை முழுசாகப் போன பிறகே தண்ணீர். ஃபோம்மீது ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமையே உருக்கிவிடும். சிமென்ட் பூசினால் மூன்று நான்கு தடவை மெல்லியதாகப் பூசி, தனி வாளியில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்து, பி.எச். ஏறுவது நின்ற பிறகு தொட்டிக்குள் வையுங்கள்.

கிண்ணங்களின் சாய்வு: மணல் 33 பாகையில் நின்றுவிடும் என்றோமே, எனவே மணல் ஓட வேண்டிய எந்தத் தளமும் 45 பாகைக்குக் குறையக் கூடாது. கீழ்க்கிண்ணத்துக்கு 55 வையுங்கள். உள்பக்கம் வழவழப்பான பெர்ஸ்பெக்ஸாக இருக்கட்டும்; சொரசொரப்பான சிமென்டில் 50 பாகையில்கூட மணல் தேங்கும்.

விழும் மணல் நேராக விழாது, இரண்டு மூன்று செ.மீ. பரவும். கீழ்க்கிண்ணத்தின் வாய் உதட்டைவிட இரு பக்கமும் 4 செ.மீ. அகலமாக, முன்னால் 5 செ.மீ. நீட்டிக்கொண்டு இருக்கட்டும். உங்கள் கேனிஸ்டரின் வெளிக்குழாய் அருவி முகத்தை நோக்கி இருந்தால் திரை ஒரு பக்கமாகச் சாய்ந்து மணல் வெளியே போகும். அதை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அதன் உறிஞ்சுவாயில் ஸ்பாஞ்ச் மாட்டுவதும் கட்டாயம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஏறுகுழாய், டி, எல்போ எல்லாமே கழற்றும்படி இருக்க வேண்டும். முகப்பின் பின்னால் கை போகும் அளவுக்கு 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஃபோமுக்குள் புதைத்து ஒட்டிவிட்ட குழாய் ஒருநாள் அடைத்தால் பாறையையே பிய்க்க வேண்டி வரும்.

லெனேசியா அக்கா (ஜோஹானஸ்பர்க்)

கரண்ட் விஷயம். இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ இருந்தா அதில் அருவியைக் கோர்க்காதீங்க. மின்வெட்டு நேரத்துல மீனுக்குத் தேவை ஃபில்டரும் ஆக்சிஜனும்தான். தச்சர் அண்ணா சொன்ன படுக்கைத் துண்டு இருந்தா அருவி தானா நின்னு தானா எழும்.

அருவியை டைமர்ல போட்டு விளக்கோடு சேர்த்து ஒரு எட்டு மணி நேரம் மட்டும் ஓட விடுங்க. தேய்மானம் மூணுல ஒண்ணாகும். தவிர தினமும் ஒருதரம் நின்னு எழறதால மணல் நாள்கணக்கா இறுகிக் கிடக்க வாய்ப்பில்லை.

ஒயர் தொட்டியிலிருந்து ப்ளக்குக்கு வர்ற வழியில ப்ளக் மட்டத்துக்குக் கீழே ஒரு தொங்கல் விடணும், வழியிற தண்ணி அங்கேயே சொட்டிடும். வீட்டு எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச்சோட (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துறது) சோதனை பட்டனை மாசம் ஒருதரம் அழுத்திப் பாருங்க. அது விழலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்தின பிறகுதான் தொட்டிக்குள்ள கை வைக்கணும்.

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பவர்ஹெட் முறையில், சொன்ன அளவுகளில் கட்டி, இப்போ வாளியில் ஓடுது. தண்ணீர் தெளிவா இருக்கு. ராத்திரி நிறுத்தி காலையில் போட்டப்போ நாலஞ்சு வினாடியில் எழுந்துடுச்சு. ஒரே குறை, திரை சீரா இல்லை. கொஞ்ச நேரம் மெலிசா விழுது, திடீர்னு ஒரு கொத்தா விழுது, மறுபடி மெலிசு.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

ஏறுகுழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள்ளேயே மணல் விட்டு விட்டு வருகிறதா, அல்லது குழாயில் சீராக வந்து உதட்டில் மட்டும் விட்டு விட்டு விழுகிறதா? முதலாவது என்றால் கோளாறு கீழே: 3 மி.மீ. தண்ணீர்த் துளை அடைத்திருக்கும் அல்லது படுக்கைத் துண்டு 30 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். இரண்டாவது என்றால் கோளாறு மேல்கிண்ணத்தில்.

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

குழாயில் சீரா ஏறுது அண்ணா. உதட்டில்தான் அப்படி.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

அப்படியானால் மேல்கிண்ணத்தின் தரை தட்டையாக இருக்கிறது. மணல் குவிந்து குவிந்து சாய்வு தாங்காமல் மொத்தமாகச் சரிகிறது, அதுதான் அந்தக் கொத்து. ஒரு பெர்ஸ்பெக்ஸ் துண்டைக் கிண்ணத்துக்குள் உதட்டை நோக்கி 50 பாகை சாய்வாக ஒட்டுங்கள். ஏறுகுழாயின் வாய் நேராக உதட்டைப் பார்க்கக் கூடாது. ஒரு எல்போ மாட்டிப் பின்சுவரை நோக்கித் திருப்புங்கள். அது சுவரில் மோதி வேகம் இழந்து, சாய்வில் பரவி வரும். உதட்டின் விளிம்பு ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக இருக்கட்டும். ஒரு மி.மீ. சாய்ந்திருந்தாலும் மணல் எல்லாம் தாழ்ந்த பக்கமே போகும். விளிம்பின்மேல் ஒரு செ.மீ. இடைவெளியில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டால் திரை தனித்தனி இழைகளாக விழும், வழவழப்பாக விட்டால் ஒரே படலமாக விழும். பாறை முகப்புக்கு இழைகள்தான் எனக்குப் பிடிக்கும்.

பீனிக்ஸ்வாசி (டர்பன்)

சாய்வுத் துண்டு ஒட்டி, எல்போவைத் திருப்பியாச்சு. இப்போ கொத்து விழறது சுத்தமா நின்னுடுச்சு, 4 செ.மீ. முழுக்க ஒரே மாதிரி இறங்குது. விளிம்பில் வெட்டும் போடப்போறேன். தொட்டிக்குள் வைத்த பிறகு பராமரிப்பு என்ன அண்ணா?

கடல்மணல் (குவாத்ர்-போர்ன், மொரீஷியஸ்)

தச்சர் வருமுன் மணல் பகுதியை நான் சொல்லிவிடுகிறேன். விளக்கு நேராக அருவிமேல் விழுந்தால் மணலில் பாசி படரும். வழவழப்பான படலம் மணிகளை ஒட்டவைத்துக் கட்டியாக்கும். பழுப்பாகத் தெரியத் தொடங்கியதும் மணலில் பாதியை மெல்லிய சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதற்குப் பதிலாக டப்பாவில் வைத்த 300 கிராமைப் போடுங்கள். எடுத்ததை வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அதே பத்து வினாடி முறையில் அலசி டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை இப்படி மாற்றிப் போட்டால் போதும். ஓடி ஓடி மணிகள் தேய்ந்து தூள் விடுவதும் இந்த அலசலில் போய்விடும்.

தொட்டித்தச்சர் (சாட்ஸ்வொர்த்)

அதே நாளில் பவர்ஹெட்டின் ரோட்டரை வெளியே எடுத்து உறையையும் காந்தத்தையும் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். ரோட்டரில் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால் மணல் எங்கோ உள்ளே வருகிறது என்று அர்த்தம். பம்ப்பின் உறிஞ்சுவாய் ஸ்பாஞ்சையும் மென்குழாயின் வளைவு உயரத்தையும் பாருங்கள். நாசிலுக்கு அருகே டி-யின் உள்சுவர் மணல் உரசித் தேயும். ஒரு டி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பாகம் மட்டும் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்.